கழுகின் இடது சிறகு முடிந்தது

கண்ணாடி டம்ளரில், சுழலும் செப்புச் சக்கரத்தால் ஒரு கழுகைச் செதுக்கிக்கொண்டிருக்கிறேன். நேற்று இரவு பதினொன்றரைக்கு இடது சிறகின் கடைசி இறகை முடித்தேன். ஒரு சில்லுகூடத் தெறிக்கவில்லை! இது நான்காவது டம்ளர். முதல் மூன்றும் இறகு நுனியிலேயே போயின.

எனக்கு ஆதர்சம் காஸ்பர் லேமான். பிராக் நகரில் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அவையில் ரத்தினக்கல் செதுக்கியவர். கல் செதுக்கும் அந்தச் சக்கரத்தைக் கண்ணாடிக் கோப்பையில் வைத்தவர் அவர். 1609இல் பேரரசர் அந்த வேலைக்கே தனியுரிமை கொடுத்தார். 1605 என்று ஆண்டு போட்டுக் கையெழுத்திட்ட அவருடைய கோப்பை இன்றும் பிராக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலுள்ள பெண் உருவங்களுக்கு என் கை இன்னும் பழகவில்லை. அதனால் பேரரசின் இரட்டைத் தலைக் கழுகை எடுத்துக்கொண்டேன்.

சரி, சில்லு ஏன் தெறித்தது? எண்ணெயில் குழைத்துச் சக்கரத்தில் தடவும் எமரித் தூள்தான் கண்ணாடியை வெட்டுகிறது; இரண்டு மாதம் அந்தத் தூளைச் சந்தேகப்பட்டேன். குற்றவாளி சக்கரம். செப்புச் சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் மயிரிழை அளவுக்கு ஆட்டம் வந்துவிடுகிறது. அகலக் கோட்டில் அது தெரியாது, இறகு நுனியில் சுத்தியலாக அடிக்கும். இப்போது ஒவ்வொரு முறையும் மாட்டிய பிறகு, சுழலவிட்டே விளிம்பை அரத்தால் சீர்செய்கிறேன். வேகத்தையும் பாதியாகக் குறைத்தேன்.

அப்புறம் எண்ணெய். கலவை நீர்த்தால் தூள் தெறித்துப்போய் வெறும் செப்புதான் தேய்கிறது; கெட்டியானால் கோடு அகன்றுவிடுகிறது. பழைய பெல்ட்டிலிருந்து ஒரு தோல் நாக்கு வெட்டி, சக்கரத்தின் மேல் படும்படி வைத்ததும் கலவை ஒரே சீராக நின்றது. கண்ணாடியைக் கீழிருந்து அழுத்துவதால் வெட்டும் இடம் கண்ணுக்குத் தெரியாது. காதுதான் துணை: சர்ரென்று ஓடினால் நல்லது, கீச்சிட்டால் எண்ணெய் வற்றிவிட்டது.

தூளும் சுத்தமில்லைதான். ஒரே நம்பர், அதாவது ஒரே பருமன், என்று வாங்கியதில் பெருமணல் கலந்திருந்தது. தண்ணீரில் கலக்கி, கனமானது அடியில் தங்கியதும் மேல்நீரை வடித்துத்தான் பயன்படுத்துகிறேன். எமரியில் வெட்டுவது குருந்தம் என்ற கடினமான கனிமம். ஆங்கிலத்தில் கொரண்டம் ஆனது நம் சொல்தான் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கிரீடத்து முத்துகளை மட்டும் கார்க் சக்கரத்தில் நுரைக்கல் தூள் வைத்துப் பளபளப்பாக்க ஆசை. கார்க் வாங்கியாகிவிட்டது. அடுத்ததை ஈயக் கண்ணாடியில் செய்வேன். அது மென்மையாக வெட்டும். வலது சிறகுக்குக் கோடு வரைந்து, எண்ணெயில் அழியாமலிருக்க அரக்கு வார்னிஷ் பூசிக் காயவைத்திருக்கிறேன்.