பூசணிக்காய்க்குள் இருந்த சாட்சியம்

இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு வாரமாக விடாமல் பெய்த மழையில், விட்டேக்கர் சேம்பர்ஸ் 1952 இல் வெளியிட்ட 'விட்னஸ்' என்ற தன்வரலாற்றை வாசித்து முடித்தேன். 1925 இல் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, முப்பதுகளில் வொஷிங்டனிலிருந்து அரச இரகசியங்களைச் சோவியத் உளவுத்துறைக்குக் கடத்தி, ஸ்டாலினின் களையெடுப்பைக் கண்டு 1938 இல் தப்பியோடியவர் அவர். மனைவியின் உறவினர் வீட்டில் ஒளித்துவைத்த ஆவணங்களே பத்தாண்டுகள் அவருடைய உயிர்க்காப்பாக இருந்தன.

1948 ஓகஸ்டில், முன்னாள் அரச அதிகாரி அல்ஜர் ஹிஸ் இரகசியக் கம்யூனிஸ்டாக இருந்தவர் என்று நாடாளுமன்றக் குழுவின் முன் கூறினார். ஆனால் உளவு வேலை பற்றி ஒக்டோபரில் விசாரணை நடுவர் குழுவின் யூரர் ஒருவர் கேட்டபோது, சத்தியம் செய்திருந்தும் அதை மறுத்தார்; நவம்பரில் ஆவணங்களை வெளியே எடுத்ததும் அவருடைய பொய்யும் சேர்ந்தே வெளிப்பட்டது. எஞ்சிய நுண்படச் சுருள்களைத் தன் பண்ணையில், குடைந்த பூசணிக்காய்க்குள் வைத்திருந்தார். பிறரைக் குற்றம் சாட்டியவர் தன் குற்றத்தையும் அதே நூலில் எழுதிவைத்ததால்தான் அவரை மதிக்கிறேன்.

ஆயினும், கம்யூனிசம் என்பது கடவுளுக்குப் பதிலாக மனிதனை வைக்கும் நம்பிக்கை என்று அவர் அடித்துச் சொல்லும் இடத்தில் என்னால் உடன்பட முடியவில்லை. என் அப்பா இடதுசாரிச் சங்கத்தின் தோட்டத் தலைவராக இருந்தவர். மாரியம்மன் திருவிழாவில் காவடி எடுத்த அதே தோளில்தான் மே தினத்தன்று செங்கொடியையும் சுமந்தார். 1940 இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சூட்டுக்குப் பலியான தொழிலாளி கோவிந்தனின் பெயரை அவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். எங்கள் லயக் குடியிருப்புகளுக்குள் அந்தக் கொடி வந்தது கூலியையும் மானத்தையும் கேட்பதற்காக.

சேம்பர்ஸ் சாட்சி சொன்ன அதே 1948 இல் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களான எங்கள் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டபோது, இடதுசாரிகள் எங்களுக்காகப் பேசினார்கள். 1964 ஒக்டோபரில், எங்களைக் கேளாமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப ஒப்பந்தம் கையெழுத்தானபோது, அதே இடதுசாரிகளான சமசமாஜக் கட்சியினர் இலங்கை அமைச்சரவையில் இருந்தார்கள். பெரியப்பா குடும்பத்தை, இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குக் கோச்சி ஏற்றிவிட்டு வந்த அப்பா, அதன்பிறகு எந்தக் கூட்டத்திற்கும் போகவில்லை. கொடியை மட்டும் மடித்து, தகரப் பெட்டியில் பிறப்புச் சான்றிதழ்களுக்கு அடியில் வைத்திருந்தார். தன் விலகலை விளக்க சேம்பர்ஸுக்கு ஏறத்தாழ 800 பக்கங்கள் தேவைப்பட்டன. அப்பாவிடமிருந்து எனக்கு ஒரு பக்கமாவது கிடைத்திருக்கக் கூடாதா என்று இந்த வாரம் முழுவதும் ஏங்கிக்கொண்டிருந்தேன்.