காப்பீட்டு நிறுவனத்திடம் லேபர் ரேட் வாங்குவது: அமெரிக்க பாடி ஷாப் அனுபவம்

"இந்த வட்டாரத்தில் நடப்பு ரேட் இவ்வளவுதான், இதற்கு மேல் தர முடியாது." அமெரிக்காவில் பாடி ஷாப், அதாவது அடிபட்ட கார்களைச் சரிசெய்யும் கடை, நடத்துகிற யாரும் காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் அட்ஜஸ்டர் வாயிலிருந்து இதைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். இதற்கு வாதாடிப் பயனில்லை, கையில் காகிதம் வேண்டும். அந்தக் காகிதங்களை நாங்கள் சேர்த்த முறை இதுதான்.

முதலில் உங்கள் லேபர் ரேட்டை, அதாவது ஒரு மணி வேலைக்கு வாங்கும் கூலியை, நீங்களே கணக்கிடுங்கள். உதாரணத்துக்கு, டெக்னீஷியனுக்கு மணிக்கு 35 டாலர் சம்பளம். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் இரண்டிலும் முதலாளி கட்டும் பங்கு மட்டுமே 7.65 சதவீதம். தொழிலாளர் விபத்துக் காப்பீடு, விடுமுறைச் சம்பளம், பயிற்சி எல்லாம் சேர்ந்து 45 ஆகிறது என்று வையுங்கள். வாடகை, மின்சாரம், பெயிண்ட் பூத் பராமரிப்பு, அலுவலகச் சம்பளம், சாஃப்ட்வேர் சந்தா மாதம் 48,000. விற்கிற லேபர் மாதம் 1,200 மணி என்றால் மணிக்கு 40. அடக்கம் 85. விலையில் 15 சதவீதம் மிஞ்ச வேண்டுமானால் 85ஐ 0.85ஆல் வகுக்க வேண்டும், 100 டாலர் வரும். 85 மேல் 15 சதவீதம் கூட்டினால் 97.75தான் வரும். பலருக்குக் கணக்கு இடிப்பது இங்கேதான். பாடி, பெயிண்ட், ஃப்ரேம், மெக்கானிக்கல், அலுமினியம் ஒவ்வொன்றையும் தனியாகப் போடுங்கள்.

வந்த ரேட்டைக் கடையில் எழுதி ஒட்டுங்கள். வாடிக்கையாளர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில் அச்சிடுங்கள். காப்பீட்டு நிறுவனங்களுக்குத் தேதியிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சொந்தக் காசில் வேலை செய்து கொள்பவரிடமும் அதே ரேட்டை வாங்குங்கள். அந்த ரசீதுகளை விட வலுவான சான்று வேறில்லை. சொந்தக் காசுக்காரருக்குக் குறைத்துக் கொடுத்தால் அதுவே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும்.

ஓர் எச்சரிக்கை. நாலு கடைக்காரர்கள் கூடி "இனி எல்லோரும் இந்த ரேட்" என்று பேசி வைப்பது 1890ஆம் ஆண்டு ஷெர்மன் சட்டப்படி குற்றம். மறுபக்கம், 1963இல் காப்பீட்டு நிறுவனச் சங்கங்கள் மீதான வழக்கில், இரு தரப்பும் சம்மதித்து நீதிமன்றம் பிறப்பித்த ஒப்புதல் ஆணை, பழுதுபார்க்கும் கூலியை அவை கூட்டாக நிர்ணயிப்பதைத் தடுத்தது. ஆகவே ஒவ்வொரு கடையும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.

அட்ஜஸ்டர் "நடப்பு ரேட்" என்றதும் எழுத்தில் கேளுங்கள்: எப்போது எடுத்த ரேட் சர்வே, எத்தனை கடைகள், காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட டி.ஆர்.பி. கடைகளின் தள்ளுபடி ரேட்டும் அதில் சேர்ந்திருக்கிறதா? கலிபோர்னியாவில் சர்வே எப்படி எடுக்க வேண்டும் என்பதற்கே விதிமுறை உண்டு. எல்லா மாநிலங்களிலும் இல்லை. உங்கள் மாநில விதியை முதலில் படித்துவிடுங்கள்.

பெரிய பொறி இனிமேல்தான். "ரேட்டை விடுங்கள், வேலை மணியைக் கூட்டிப் பார்த்துக் கொள்ளலாம்" என்பார்கள். ஒத்துக்கொண்டு, செய்யாத வேலைக்கு மணி போட்டால் அது மோசடி. செய்த வேலைக்கே போட்டாலும் கம்ப்யூட்டரில் பதிவாவது குறைந்த ரேட்தான். அடுத்த முறை அதையே நடப்பு ரேட் என்று காட்டுவார்கள். வட்டாரம் முழுக்க ரேட் ஏறாமல் கிடப்பதற்கு இந்தப் பழக்கம் முக்கியக் காரணம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ரேட் தனி, மணி தனி. ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்கவே கூடாது.

மணிக்கும் காகிதம்தான் பேசும். சி.சி.சி., மிட்செல், ஆடாடெக்ஸ் என்ற மூன்று எஸ்டிமேட் சாஃப்ட்வேர்களிலும் எந்த நேரத்துக்குள் எந்த வேலை அடங்கும், எது அடங்காது என்ற விளக்கப் பக்கங்கள் உண்டு. அடங்காதவற்றைத் தனி வரியாக எழுதுங்கள்: வேலைக்கு முன்னும் பின்னும் வண்டியின் கம்ப்யூட்டர் ஸ்கேன், டெஸ்ட் வெல்ட், துருத்தடுப்பு மெழுகு, தயாரிப்பாளர் கையேடு கேட்கும் சீட் பெல்ட் சோதனை. ஒவ்வொன்றுக்கும் கையேட்டுப் பக்கத்தையும் போட்டோவையும் இணையுங்கள். பக்கத்துப் பேனலில் நிறம் கலக்கும் பிளெண்ட் வேலைக்கு முழுப் பெயிண்ட் நேரத்தில் பாதி என்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. ஆனால் பழுதுபார்க்கும் கடைகளின் சங்கமான எஸ்.சி.ஆர்.எஸ். 2022இல் வெளியிட்ட ஆய்வில், பிளெண்டுக்கு முழுப் பெயிண்டை விட அதிக நேரம் பிடித்தது. சாஃப்ட்வேர் தரவிலேயே நேரம் தவறு என்று தோன்றினால், அதைக் கேட்பதற்கென்றே உள்ள டி.இ.ஜி. இணையதளத்தில் இலவசமாகக் கேள்வி போடலாம். வரும் பதிலை அச்செடுத்து, கூடுதல் தொகை கேட்கும் சப்ளிமெண்ட்டில் சேர்த்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் காப்பீட்டு நிறுவனம் தராத பாக்கி நின்றால் அது அவர் தலையில் விழலாம் என்பதை, வண்டியைப் பிரிக்கும் முன்பே வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். கடைசி நாளில் சொன்னால் கோபம் நம் மேல்தான் திரும்பும். அவருடைய பாலிசியில் அப்ரைசல் பிரிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் இரு தரப்பும் ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை வைக்கும், அந்த இருவரும் ஒரு நடுவரைத் தேர்ந்தெடுப்பார்கள். மதிப்பீட்டாளர் கட்டணம் அவரவருடையது, நடுவர் கட்டணம் பொதுவாகப் பாதிப் பாதி. ஐம்பது டாலர் வித்தியாசத்துக்கு இது கட்டுப்படியாகாது. எதிர் வண்டிக்காரரின் காப்பீட்டில் பணம் கேட்பவருக்கு இந்த வழி இல்லை. மாநிலக் காப்பீட்டுத் துறையில் புகார் கொடுக்கலாம், இடித்தவர் மேல் சிறு வழக்கு நீதிமன்றத்துக்கும் போகலாம். புகாரை வாடிக்கையாளர் தம் பெயரிலேயே எழுத வேண்டும். தேவையான நகல்கள் எல்லாவற்றையும் கடை கொடுத்துவிட வேண்டும்.