மாமா கேட்ட ஒத்து

மாமாவுக்கு வயது 78. முப்பது வருடம் கொழும்புச் செட்டியார் தெருக் கோயில் மேளத்தில் ஒத்து, அதாவது நாதஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் குழல், ஊதியவர். ஆடிவேல் ஊர்வலத்தில் நாதஸ்வரக்காரரையும் தவில்காரரையும் எல்லோரும் பார்ப்பார்கள். பக்கத்தில் 'ஸ' என்ற ஒரே ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவரை யார் பார்த்தார்கள்? கன்னத்தில் காற்றைச் சேர்த்து, அதை ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுத்து, சுருதி அறாமல் விடவேண்டும். அப்புறம் சுருதிப் பெட்டி வந்தது, மாமாவை அழைப்பது குறைந்துபோனது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

போன மாதம் அவரைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப் போனேன். கோல்ஃபேஸ் ஹோட்டலில் பொழுது சாயக் கொடி இறக்கும்போது ஒருவர் பேக்பைப் என்ற ஸ்கொட்லாந்துத் தோற்பை வாத்தியம் வாசிப்பார். தோற்பையை அவர் கையால் ஒரு தட்டுத் தட்ட, முதலில் எழுந்தது பாட்டல்ல, சுருதி. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒத்து எங்க நிக்குது?"

தோளில் சாய்ந்திருந்த மூன்று குழல்களைக் காட்டினேன். மூன்றும் ஒரே ஸட்ஜம்; நீளமானது மட்டும் ஒரு ஸ்தாயி கீழே. வாயால் ஊதுவது பையை நிரப்பத்தான். மூச்சு எடுக்கும் இடைவெளியில் கை பையை அமுக்கும். மாமா கன்னத்தில் செய்த வேலையை அங்கே அக்குள் செய்கிறது.

பாட்டு வாசிக்கும் குழலுக்குள்ளும் நம் நாதஸ்வரச் சீவாளி மாதிரி நாணலில் செய்த இரட்டை நாக்குத்தான். ஆனால் அதில் உதடு படாது, காற்றும் நிற்காது. நம்மவர்கள் துத்துகாரத்தால், அதாவது நாக்கால் காற்றைத் தடுத்து, சுரங்களை வெட்டுவார்கள். அவரோ ஒரே சுரத்தை இரண்டு தடவை வாசிக்க, நடுவில் வேறொரு சுரத்தை விரலால் மின்னலாய்த் தொட்டுவிட்டு வருகிறார். இருப்பதோ ஒன்பது சுரம்! அந்தச் சிறு தொடுகைகளில்தான் அந்த வாத்தியத்தின் அழகு முழுக்க இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மாமா கண்ணை மூடியிருந்தார்.

"ஒரு குழல் மயிரிழை கூடி நிக்குது, தம்பி."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசிப்பவர் இடது கையால் மேல் சுரத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தோளுக்கு உயர்த்தி, ஒரு குழலின் மேல்பாதியை மெல்லத் திருகி இழுத்தார்.

"சரி, இப்ப சேர்ந்திட்டுது," என்றார் மாமா.