விளக்கடியில் ஒளிராத புள்ளி

அக்கா மகன் ஒடிசாவில் கோராபுட் பக்கம் முறுக்கு போட்டு விற்கிறான். உசிலம்பட்டி வட்டாரத்தில் இப்படி வடக்கே போய் அடுப்பு வைத்தவர்கள் நிறையப் பேர். ஆடியில் ஊருக்கு வந்தவன் மூன்றாம் நாளே இரண்டு கம்பளிக்குள் பல் கிட்டிப்போய் நடுங்கினான். மறுநாள் எழுந்து வயிறாரச் சாப்பிட்டான். அதற்கு அடுத்த நாள், அதே நேரத்தில், மறுபடி நடுக்கம். இரத்தத்தைப் பார்த்ததில் மலேரியா; விவாக்ஸ் வகை.

மூன்று நாள் குளோரோகுயினில் காய்ச்சல் இறங்கிவிட்டது. பிறகு பிரைமாகுயின், தினமும், 14 நாள். விவாக்ஸ் கிருமி கல்லீரலில் உறங்கிக் கிடந்து மாதங்கள் கழித்துக்கூடக் கிளம்பும். அதை அங்கேயே அழிக்கத்தான் இந்த மாத்திரை. அட்டையில் பெயரைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 19 வயதில் ராமேஸ்வரத்தில் வேலை பார்த்தபோது இதே காய்ச்சலுக்கு இதையே விழுங்கியிருக்கிறேன். மூன்றாம் நாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. கண் மஞ்சளாகி, நாலு படி ஏறுவதற்குள் மூச்சு இரைத்தது. காமாலை என்று வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். பயத்தில் மாத்திரையை நிறுத்தினேன். அதனால்தான் பிழைத்தேன் என்பது இத்தனை வருடம் கழித்துத் தெரிகிறது.

எழுதிக் கொடுத்த இடத்தில் இதைச் சொன்னேன். எல்லோரும் சாப்பிடுகிற மாத்திரைதான் என்று அனுப்பிவிட்டார்கள். மனம் ஒப்பவில்லை. அட்டையைப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவனை மதுரையில் வேறொரு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். என் பழைய கதையைக் கேட்டவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஜி6பிடி என்றொரு இரத்தச் சோதனை முடியாமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது, காய்ச்சல் நின்றிருப்பதால் இரண்டு நாள் பொறுக்கலாம் என்றார். எனக்கும் எழுதிக் கொடுத்தார்.

இரண்டு ஆய்வகங்களில் வெளியூருக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். கோரிப்பாளையம் பக்கம் ஒன்றில் அங்கேயே செய்தார்கள். இரத்தத்தை ஒரு கரைசலில் கலந்து, வடிதாளில் சொட்டுச் சொட்டாக வைத்து, காயவிட்டு, புறஊதா விளக்கின் அடியில் பார்க்கிற சோதனை. அங்கிருந்த பெண் கேட்டதும் மறுக்காமல் காட்டினார். ஒப்பிடுவதற்காக வைத்திருந்த சொட்டு நிலவுபோல் வெளிர்நீலமாக ஒளிர்ந்தது. பக்கத்தில் என்னுடையது, அதற்கடுத்து மருமகனுடையது. இரண்டும் இருட்டாகவே கிடந்தன. “மாமா, ரெண்டும் ஒரே மாதிரி” என்று அவன் மெதுவாகச் சொன்னான்.

ஜி6பிடி என்பது சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி. அது குறைந்தவர் உடலில் பிரைமாகுயின் போனால் அணுக்கள் உடைந்து, அந்தச் சிவப்பு சிறுநீரில் இறங்குகிறது. குறைபாடு என்கிறார்களே, பிறகு ஏன் உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இருக்கிறது என்று கேட்டேன். மலேரியாதான் காரணம் என்றார் மருத்துவர். கிருமி நுழைந்ததும் இந்த அணு சீக்கிரம் நலிந்துவிடும். உடல் அதைக் கிருமியோடு சேர்த்து அப்புறப்படுத்திவிடும். காய்ச்சல் வராமல் தடுக்காது, ஆனால் முற்றிப்போய்ச் சாகாமல் தப்பிக்க உதவும். பிறவியிலேயே வரும் மற்ற இரத்தக் குறைபாடுகளான அரிவாள் வடிவ அணுவும் தலசீமியாவும் இதே வழியில் நிலைத்தவைதாம். 1952ல் ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் அணுப் பண்பைக் கண்டறிந்தார்கள். அது மலேரியாவிலிருந்து காக்கிறது என்று 1954ல் ஆலிசன் என்ற ஆய்வாளர் ஆப்பிரிக்காவில் காட்டினார்.

அக்காவுக்குத்தான் ஆறவில்லை. இது தாய்வழியாக மகனுக்கு வருவது என்று கேட்டதிலிருந்து “என்னால்தான் தம்பி” என்று அழுதுகொண்டே இருந்தார். நம் அம்மா நமக்குக் கொடுத்தது, அம்மாவுக்கு யார் கொடுத்தார்களோ, எத்தனை கொள்ளைக் காய்ச்சலில் அவர்களை இது கரையேற்றியதோ என்றேன். அதன் பிறகே சோறு எடுத்துச் சாப்பிட்டார். யாரோ சொன்னதைக் கேட்டு மொச்சையையும் நிறுத்தியிருந்தார். மத்தியதரைக் கடல் நாடுகளில் உண்ணும் ஃபாவா பயறுதான் ஆகாது, நம் மொச்சை வேறு என்று மருத்துவர் தெளிவுபடுத்தினார். பீரோவிலிருந்த அந்துருண்டைகளை மட்டும் எடுத்து வெளியே போட்டோம். அது உண்மையிலேயே ஆகாது.

அவனுக்கு 60 கிலோ. தினசரி மாத்திரைக்குப் பதில் அதே பிரைமாகுயினை வாரம் ஒருமுறை 45 மில்லிகிராம், எட்டு வாரம், மருத்துவரின் கண்காணிப்பில். ஒவ்வொரு முறையும் இரத்த அளவு பார்த்தார்கள். மாத்திரை விழுங்கிய அடுத்த சில நாள், காலையில் சிறுநீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பான். நானும் பார்ப்பேன். முதல் வாரம் கொஞ்சம் கறுத்ததுபோல் தோன்றி ஓடினோம். தண்ணீர் குறைவாகக் குடித்ததுதான். எட்டு வாரமும் நல்லபடியாக முடிந்தது.

இன்னொன்று மிச்சமிருக்கிறது. என் மகளை அவனுக்கு என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருக்கிறோம். அப்பனிடமிருந்து மகனுக்கு இது போகாது. மகளுக்குக் கட்டாயம் போகும். இவர்கள் இருவருக்கும் பிறக்கும் பிள்ளை ஆணோ பெண்ணோ, குறைபாட்டோடு பிறக்கப் பாதி வாய்ப்பு. கல்யாணத்துக்கு இது தடையில்லை, தெரிந்துகொண்டு செய்யுங்கள் என்கிறார் மருத்துவர். ஒருவரிடமிருந்து மட்டும் இதைப் பெற்ற பெண்களுக்கு இரண்டு வகை அணுவும் கலந்திருப்பதால் விளக்கடியில் பார்க்கிற புள்ளிச் சோதனை ஏமாற்றிவிடுமாம். நொதியின் அளவைச் சொல்லும் சோதனை வேண்டும். திங்கட்கிழமை மகளை அழைத்துப் போகிறேன். அவனும் உடன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.