காட்டு மாதா சிஸ்டர்களோடு ஒரு பசிநடை

அமெரிக்காவில் கோவில் குளம் என்று பேச்செடுத்தால் நம் ஆட்கள் முதலில் பிட்ஸ்பர்க் பெருமாளைச் சொல்வார்கள். கத்தோலிக்கர்களாக இருந்தால் வாஷிங்டன் பசிலிக்காவுக்குள் இருக்கும் நம் வேளாங்கண்ணி மாதாவின் சிற்றாலயத்தைச் சொல்வார்கள். இண்டியானாவின் சோளக்காடுகளுக்கு நடுவே புனிதை ஒருவர் துயில்கிறார் என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. இண்டியானாபொலிஸில் இத்தனை வருஷம் குடியிருந்தும் தற்செயலாகத்தான் தெரியவந்தது.

70-ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே ஒன்றேகால் மணி நேரம் போனால் டெர்ரே ஹோட் நகரம். வாபாஷ் ஆற்றைத் தாண்டினால் சில மைல் தூரத்தில் செயின்ட் மேரி ஆஃப் தி வுட்ஸ். எங்கள் வீட்டில் அதற்குக் 'காட்டு மாதா' என்று பெயர். 1840 அக்டோபர் 22-ஆம் தேதி பிரான்சிலிருந்து ஆறு கன்னியர்கள் இங்கே வந்து இறங்கியபோது உண்மையிலேயே காடுதான். தலைவியின் பெயர் மதர் தியோடர் கெரின். பிரெட்டனி கடற்கரையில் பிறந்தவர். கடற்படையில் இருந்த அப்பாவைக் கொள்ளைக்காரர்கள் கொன்றபோது அவருக்கு வயது பதினைந்து. மடத்தில் சேர்ந்த புதிதில் வந்த நோய் குடலைக் கெடுத்துவிட்டதால், சாகும்வரை குழைவான, உப்பு உறைப்பில்லாத சாப்பாடுதான். அப்படிப்பட்ட உடம்பை வைத்துக்கொண்டுதான் கடல் தாண்டி வந்து இறைபராமரிப்புச் சகோதரிகள் சபையை இங்கே ஊன்றினார், பள்ளிக்கூடம் கட்டினார். 2006-இல் பதினாறாம் பெனடிக்ட் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்.

வளாகத்தில் பெரிய கோவில் இருக்கிறது, லூர்து மாதாவின் குகை வடிவக் கெபி இருக்கிறது, மதரின் திருப்பண்டங்கள் வைத்த திருத்தலம் இருக்கிறது. எல்லாம் அழகுதான். ஆனால் என்னை நிறுத்தி வைத்தது, மரங்களுக்கு நடுவே நிற்கும் புனித அன்னம்மாளின் சின்னஞ்சிறு கற்கோவில். உள்ளே நாலு பேர் நின்றால் நெருக்கும். சுவரெல்லாம் சிப்பி. பக்கத்து வாபாஷ் ஆற்றில் பொறுக்கிய சிப்பிகளைக் காரைச்சாந்தில் பதித்திருக்கிறார்கள். வாசல் வெளிச்சம் படும் பக்கம் இளஞ்சிவப்பாக மினுங்குகிறது. தலையைச் சாய்த்தால் அதே சிப்பி பச்சையாகிறது. ஓரிடத்தில் சிப்பியாலேயே இண்டியானா மாநில வரைபடம். இன்னோரிடத்தில் ஒரு கப்பல்.

அந்தக் கப்பலுக்கு ஒரு கதை உண்டு. 1842-இல் மடத்துக் களஞ்சியம் தீப்பற்றி எரிந்து, வருஷத்து அறுவடை மொத்தமும் சாம்பலானது. குளிர்காலம் வாசலில் நிற்கிறது, சாப்பாட்டுக்கு வழியில்லை. மறுவருஷம் மதர் பிரான்சுக்கே திரும்பிப் போய், வீடு வீடாக, மடம் மடமாகக் கையேந்தினார். அரண்மனைவரை போய் மரீ அமெலி ராணியிடமும் கேட்டு வாங்கினார். திரும்பும் வழியில் நடுக்கடலில் புயல். கரை சேர்த்தால் உனக்கொரு கோவில் கட்டுகிறேன் என்று அன்னம்மாளிடம் நேர்ந்துகொண்டார். முதலில் எழுந்தது மரக்கோவில். இப்போது நிற்பது பின்னால் கட்டிய கற்கோவில்.

வேளாங்கண்ணிக் கதை தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்லவே வேண்டாம். புயலில் தப்பிய போர்த்துக்கீசியக் கப்பல்காரர்கள் மாதாவுக்குக் கோவில் கட்டி, சீனாவிலிருந்து கொண்டுவந்த பீங்கான் தட்டுகளைப் பீடத்தில் பதித்தார்கள். அங்கே பீங்கான், இங்கே சிப்பி. 'அன்னம்மாளே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று தமிழில் வாய்விட்டுச் சொன்னேன். மகளும் அம்மாவும் ஒரே வேலையைத்தான் பார்த்திருக்கிறார்கள். மாதாவின் அம்மாதானே அன்னம்மாள்!

செப்டம்பரில் ஒருநாள் தியானத்துக்குப் போனபோதுதான் நடையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்தவர் எண்பதைத் தாண்டிய ஒரு சிஸ்டர், பணி ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். அங்கியும் இல்லை, முக்காடும் இல்லை. பூப்போட்ட சட்டை, கழுத்தில் சின்னதாகச் சபைச் சின்னம். நம்மூர் சிஸ்டர்களை வெள்ளைச் சேலையில் பார்த்தே பழகிய எனக்கு, இவரிடம் 'சிஸ்டர்' என்று சொல்ல முதலில் வாய் வரவில்லை. அவர் கைப்பையிலிருந்து ஒரு நீளக் கவரை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மேலே கட்டம் போட்டிருந்தது: கொடுப்பவர் பெயர், தொகை.

"அக்டோபரில் பசிக்கு எதிரான நடை. கிராப் (CROP) நடை என்று பெயர். நீயும் வா. வரும்போது இதை நிரப்பிக்கொண்டு வா."

நடக்க நான் எப்போதும் தயார், சிஸ்டர், ஆனால் காசு கேட்பது மட்டும் எனக்கு வராது என்றேன்.

"எங்கள் மதர் கடல் தாண்டிப் போய்க் கேட்டார். நீ வாட்ஸப்பில்கூடக் கேட்கமாட்டாயா?"

கவரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பும்போது அம்மா நினைவு. எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். தம்பிக்குச் சின்ன வயதில் காய்ச்சல் விடாமல் அடித்தபோது அம்மா வேளாங்கண்ணிக்கு மடிப்பிச்சை நேர்ந்துகொண்டார். வீட்டில் நெல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் முந்தானையை ஏந்திக்கொண்டு தெருத்தெருவாக, சொந்தக்காரர் வீடு, ஆகாதவர் வீடு, இந்து, முஸ்லிம் என்று பார்க்காமல் போய் நின்றார். படி அரிசி போட்டவர்களும் உண்டு, பத்துப் பைசா போட்டவர்களும் உண்டு. அப்படிச் சேர்ந்ததைக் கொண்டுபோய்த்தான் மாதாவுக்குச் செலுத்த வேண்டும். சொந்தக் காசைப் போட்டால் நேர்ச்சை செல்லாது. கௌரவத்தை முதலில் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்பதுதான் அந்த நேர்ச்சையின் உள்கணக்கு. மாரியம்மனுக்கும் இதே வழக்கம் உண்டு என்பது படிப்பவர்களுக்குத் தெரியும்.

ஆக, கவர்தான் மடி. அப்படி நினைத்துக்கொண்ட பிறகு கேட்பது கொஞ்சம் சுலபமானது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்கள், தமிழ்ச் சங்கத்து நண்பர்கள், மளிகைக்கடைக்காரர் என்று வரிசையாகக் கேட்டேன். "வரி விலக்கு ரசீது வருமா?" என்றார் ஒருவர். இரண்டு பேர் நான் அனுப்பியதைப் பார்த்துவிட்டுப் பதிலே போடவில்லை. சங்கத்து மாமி ஒருவர், "அன்னதானத்துக்குத்தானே? அதுக்கு ஏம்மா நடக்கணும், இந்தா" என்று 51 டாலரைக் கையில் வைத்தார்.

ஏன் நடக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரரும் கேட்டார். செக் எழுதிப் போட்டால் முடிந்தது, பெட்ரோலாவது மிச்சம் என்றார். நியாயமான கேள்விதான். நடையின் பழைய கதை அதற்குப் பாதி பதில் சொல்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்து, ஐரோப்பாவும் ஆசியாவும் பட்டினி கிடந்த நேரம். 1947-இல் இந்த நடுமேற்கு மாநிலங்களின் விவசாயிகளிடம் தானியம் திரட்டி அனுப்பத் தொடங்கியதுதான் கிராப் திட்டம். அதை நடத்துவது சர்ச் வேர்ல்ட் சர்வீஸ் என்ற கிறிஸ்தவ சபைகளின் கூட்டமைப்பு. நடை வந்தது 1969-இல். வட டகோட்டாவின் பிஸ்மார்க் நகரில் ஆயிரம் பேர் நடந்து 25,000 டாலர் திரட்டினார்கள். தண்ணீருக்கும் விறகுக்கும் சந்தைக்குமாக ஏழை நாடுகளில் ஜனங்கள் நாளுக்குப் பத்து கிலோமீட்டர்வரை நடக்கிறார்கள். அவர்கள் நடப்பதால் நாமும் நடக்கிறோம் என்பது இவர்களின் கோஷம். சேரும் பணத்தில் கால்பங்குவரை அந்தந்த ஊரின் பசிக்கே ஒதுக்கப்படுகிறது, மீதி வெளிநாடுகளுக்குப் போகிறது.

பதிலின் மீதிப் பாதி எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது.

காலையில் காட்டு மாதா கோவிலில் பூசை. மதியம் டெர்ரே ஹோட்டில் ஒரு சபையின் வளாகத்தில் எல்லாரும் கூடினோம். அது கத்தோலிக்கக் கோவில் இல்லை. நம்மூரில் ஆர்.சி. ஆட்களும் சி.எஸ்.ஐ. ஆட்களும் கல்யாண வீட்டில் சேர்ந்து சாப்பிடுவதோடு சரி. தெருவில் சேர்ந்து நடந்து நான் அதிகம் பார்த்ததில்லை. இங்கே லூத்தரன், மெதடிஸ்ட், கல்லூரிப் பிள்ளைகள், தள்ளுவண்டியில் குழந்தை, கயிற்றில் நாய் என்று எல்லாம் கலந்து நின்றது. ஜெபத்தை ஒரு பெண் போதகர் சொன்னார். நம் சிஸ்டர்கள் ஒரு கொத்தாக, ஒரே நிற டி-ஷர்ட் போட்டு, வெள்ளை கேன்வாஸ் ஷூ கட்டி நின்றார்கள். ஒருவர் ஷூ லேசை இன்னொருவர் குனிந்து கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்; கட்டிவிட்டவருக்கே எழுபது இருக்கும்.

முடியாதவர்களுக்கு ஒரு மைல் பாதை தனியாக உண்டு. என் கணக்கு டீச்சர் அதில்தான், நாலு சக்கர வாக்கரோடு. நானும் அவரோடே போனேன். வாக்கரில் ஒரு கூடை, அதில் தண்ணீர்ப் பாட்டிலும் ஜெபமாலையும். நாற்பது அடி நடப்பார், பிரேக்கைப் போட்டு அந்த வாக்கரின் இருக்கையிலேயே உட்காருவார், இரண்டு அருள் நிறைந்த மரியே சொல்வார், எழுந்திருப்பார். நம் பாதயாத்திரைக் கூட்டத்தில் காவி கட்டி, சப்பரம் இழுத்து, 'மரியே வாழ்க' என்று கத்திக்கொண்டு போகிற வேகம் இங்கே இல்லை. போய்ச் சேர வேண்டிய சந்நிதியும் இல்லை. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிற நடை. ஊரில் நடக்கும்போது மனசுக்குள் நம் விண்ணப்பம்தான் ஓடும்: வேலை, கல்யாணம், பிள்ளை, உடம்பு. இங்கே என்ன விண்ணப்பம் என்று சிஸ்டரிடமே கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை" என்றார்.

விஷயம் என்னவென்றால், இந்த சிஸ்டர்கள் வெஸ்ட் டெர்ரே ஹோட்டில் உணவுப் பொருள் வழங்கும் நிலையம் ஒன்றை நடத்துகிறார்கள்; அவர் சொன்னது அடுத்து அங்கே பொருள் கொடுக்க வேண்டிய நாளை. பட்டாணி டப்பா, பாஸ்தா, கோழிக்கறி, குழந்தைக்கு டயப்பர். மாதக் கடைசி வந்தால் வரிசை நீளும். வேலைக்குப் போகிறவர்களே வந்து நிற்கிறார்கள். வாடகைக்கும் மருந்துக்கும் போக மிச்சம் இருப்பது வயிற்றுக்குப் போதவில்லை. ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டியவரை சோளமும் சோயாவும். அக்டோபரில் அறுவடை இயந்திரங்கள் புழுதி கிளப்புகின்றன. அந்தச் சோளத்தில் பெரும்பகுதி மாட்டுக்கும் பன்றிக்கும் தீனியாகவும், காருக்கு எத்தனாலாகவும் போய்விடுகிறது. தஞ்சாவூர்க்காரிக்கு இது புதிதில்லை; நெற்களஞ்சியத்தில் பிறந்த எங்களுக்கும் கூலிக்காரர் வீட்டு அடுப்பின் நிலை தெரியும். ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2024-இல் உலகில் சுமார் 67 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள். விளைச்சல் குறைந்ததால் மட்டும் வந்த பசியில்லை இது. போரும், விலையும், கையில் காசில்லாததும் சேர்ந்து செய்த வேலை. வாக்கரைத் தள்ளிக்கொண்டே சிஸ்டர் இதையெல்லாம் வகுப்பில் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு வந்தார்.

பாதி வழியில் சரக்கு ரயில் வந்து குறுக்கே நின்றுவிட்டது. டெர்ரே ஹோட்டில் இது அன்றாடச் சமாசாரம். உள்ளூர்க்காரர்கள் கோபப்படுவதுகூட இல்லை. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. காரில் வந்த ஒருவர் கண்ணாடியை இறக்கி, என்ன ஊர்வலம் என்று கேட்டார். பசிக்காக என்றார் சிஸ்டர். அந்த மனிதர் பர்ஸைத் துழாவி ஐந்து டாலரை நீட்டினார். சிஸ்டர் கவரை ஏந்தி வாங்கிக்கொண்டு, கடவுள் ஆசீர்வதிப்பார் என்றார். அவர் கவரை ஏந்திய விதம் அச்சு அசல் எங்கள் அம்மா மடி ஏந்துகிற விதம். ஒரு கூச்சமும் இல்லை, ஒரு கெஞ்சலும் இல்லை. செக்கைத் தபாலில் போட்டிருந்தால் அந்த ஐந்து டாலர் வந்திருக்காது. வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான் என்று அப்போதே முடிவு செய்தேன்.

திரும்பி வந்தபோது ஆப்பிள் சைடரும் குக்கீயும் வைத்திருந்தார்கள். ஆறு மைல் பாதைக்குப் போன இளைய சிஸ்டர்கள் இன்னும் வந்து சேரவில்லை. இளைய என்றால் அறுபது சொச்சம். கணக்கு டீச்சர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து என் கவரைப் பிரித்து எண்ணினார். மாமியின் பணம் வந்ததும் நிமிர்ந்தார்.

"ஐம்பத்தொன்று. அதென்ன ஒன்று?"

எங்கள் பக்கம் மொய்யோ காணிக்கையோ முழு எண்ணாகக் கொடுக்கமாட்டோம் சிஸ்டர், மேலே ஒன்று வைத்தால்தான் பெருகும் என்றேன். அவருக்கு அந்தக் கணக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தன் பையைத் துழாவி ஒரு டாலரை எடுத்து மொத்தத்தோடு சேர்த்துவைத்தார். பிறகு கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"உன் கணவர் எந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறார்? ஊழியர் கொடுக்கிற நன்கொடைக்குச் சமமாகக் கம்பெனியும் போடுமே, அவர்கள் போடுவார்களா? இப்போதே கேள்."

போனை எடுத்தேன்.