சக்திமான் கூண்டுக்குள் இரண்டு கிலோ விளக்கு

தகரத்தில் துளை போட்டு நான்கு திருகாணிகளை முடுக்கினால் விளக்கு நின்றுவிடும். வண்டி நிற்கும்வரை நிற்கும். ஓடத் தொடங்கினால்தான் சேதி தெரியும். பழைய ராணுவ லாரிக்குள் கனமான கூரை விளக்கு பொருத்த நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பாரத்தைத் தகரத்தின் மேல் ஏற்றாதீர்கள், கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் மேல் ஏற்றுங்கள்.

எங்கள் வண்டி சக்திமான். ஜெர்மனியின் மான் நிறுவனத்து உரிமத்தில் 1959 முதல் 1996 வரை ஜபல்பூரில் தயாரான வகை. ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட பிறகு பல கை மாறி என்னிடம் வந்தது. முன்பு வைத்திருந்தவர் பின்பக்கத்துக் கித்தானைக் கழற்றிவிட்டுத் தகடு அடித்துக் கூண்டு கட்டியிருந்தார். அதற்குள் ஒரு மேசை, வைஸ், மோட்டார் காயில் கட்டும் சாமான்கள். அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்துக் கிணறுகளுக்குப் போய், பம்புசெட் மோட்டாரை வரப்பு ஓரத்திலேயே பிரித்துப் பார்ப்பது என் தொழில். மும்முனை மின்சாரம் இரவில் வருகிற ஊரில் மோட்டாரும் இரவில்தான் படுக்கும். செல்போன் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு வேலை பார்த்தது போதும் என்றாகிவிட்டது.

விளக்கு சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தது. அலுமினிய வார்ப்பு உடல், தடித்த கண்ணாடி, அதன் மேல் கம்பிக் கூடு. மளிகைக் கடைத் தராசில் வைத்தால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். உள்ளே இரண்டு பல்பு ஹோல்டர்கள். ஒன்றின் முன்னால் சிவப்புக் கண்ணாடி. அந்தச் சிவப்பு எதற்கு என்று கம்மவான்பேட்டையில் இருக்கும் பெரியப்பாவிடம் கேட்டேன். அது எப்படிப்பட்ட ஊர் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர். அவரும் சக்திமான் ஓட்டியவர். "இருட்டுக்குப் பழகிய கண்ணில் வெள்ளை வெளிச்சம் பட்டால் மறுபடி பழக அரை மணி நேரம் ஆகும். சிவப்பு கண்ணைக் கெடுக்காது. அதைப் பிடுங்கிப் போட்டுவிடாதே" என்றார். பிடுங்கவில்லை. கிணற்று மேட்டில் இறங்கி நடக்க வேண்டிய எனக்கும் அது தேவைதான்.

கொணவட்டத்தில் எனக்குத் தெரிந்த டிங்கர் பாய் கூரையைக் கீழிருந்து விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். தகரம் மட்டும் இருக்கும் இடத்தில் 'டம்' என்று அதிர்ந்தது. சட்டம் ஓடும் இடத்தில் சத்தம் செத்துப்போனது. சாக்பீஸால் கோடு போட்டார். எனக்கு விளக்கு வேண்டிய இடம், மேசைக்கு நேர் மேலே, இரண்டு சட்டங்களுக்கு நடுவில். அங்கே ஒரு மில்லிமீட்டர் தகரம்தான். வண்டி குழியில் இறங்கி ஏறும்போது இரண்டு கிலோ இரண்டு கிலோவாக இருக்காது. அந்த உதறலில் மூன்று நான்கு மடங்காக இழுக்கும். துளையைச் சுற்றி மயிரிழை போலக் கீறல் விட்டு, ஒருநாள் தகரத்தோடு பிய்த்துக்கொண்டு வரும். பெரிய வாஷர் போட்டால் கீறல் வாஷரின் விளிம்பிலிருந்து தொடங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். போதாததற்குக் கூரையில் துளை என்றால் ஐப்பசி மழை நேரே காயில் மேல் இறங்கும்.

"பற்ற வைத்துவிடலாமா, சார்?" என்றார் பாய். வெல்டிங் எனக்கு ஒப்பவில்லை. அந்தச் சூட்டில் கூரையின் மேல்பக்கத்துப் பெயின்ட் கருகும், கருகிய இடத்தில் துரு ஏறும், நாம் ஏணி போட்டுப் பார்க்கும்போது ஓட்டை விழுந்திருக்கும். அதனால், இரண்டு சட்டங்களையும் இணைத்து 'சி' வடிவ இரும்புச் சேனல் துண்டு ஒன்றைக் குறுக்கே கொடுத்து, சட்டத்தின் பக்கவாட்டில் எட்டு மில்லிமீட்டர் போல்ட் போட்டோம். கூரைத் தகரத்தை எதுவும் தொடவில்லை. விளக்கு அந்தச் சேனலில் தொங்குகிறது.

அண்ணாந்து டிரில் போடுவது பாவப்பட்ட வேலை. இரும்புத் தூள் நேராகக் கண்ணுக்குத்தான் வரும். கண்ணாடி போட்டிருந்தாலும் கழுத்து வழியாகச் சட்டைக்குள் போய்விடும். பாய் ஒரு கொட்டாங்குச்சியை எடுத்தார். அதன் கண்ணில் துளையிட்டு, குழிந்த பக்கம் மேலே பார்க்க, டிரில் பிட்டில் கோத்துக்கொண்டார். தூளெல்லாம் அதற்குள் விழுந்தது. வேலை முடிந்து கொட்டியபோது கைப்பிடி அளவு இருந்தது. கடையில் இதற்கென்று பிளாஸ்டிக் மூடி விற்கிறார்களாம், விற்கட்டும்.

சேனலுக்கும் விளக்குக்கும் நடுவில் பேக்கிங் வேண்டும். வார்ப்பு அலுமினியம் வளையாது, உடையும். அடித்தளம் சரியாக உட்காராமல் முடுக்கினால் துளை போட்ட காது 'டக்'கென்று விண்டுபோகும். மேல்விஷாரத்து நண்பர் ஒருவர் தடித்த தோல் துண்டு கொண்டுவந்தார். எங்கள் பக்கத்தில் எதற்கும் தோல்தான் மருந்து. ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிட்ட உப்பு அதில் இருக்கும். அலுமினியத்துக்கு இரண்டும் ஆகாது. ஆம்பூரில் செருப்பு அடிப்பாகத்துக்கு விற்கும் ரப்பர் ஷீட்டில் வட்டமாக வெட்டிப் போட்டேன். அலுமினியமும் இரும்பும் நேரடியாக ஒட்டி உட்காராமல் இருப்பதும் நல்லது. ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்துவிடும். நட்டுகள் எல்லாம் நைலாக், அதாவது உள்ளே நைலான் வளையம் வைத்து, அதிர்வில் கழன்றுவிடாதபடி செய்தவை. ஸ்பிரிங் வாஷரை நம்பி இந்த வண்டியில் எதையும் விட முடியாது.

அந்த ரப்பரால் வயரிங்கில் ஒரு வேலை கூடுகிறது. சாதாரண லாரியில் பாசிட்டிவ் வயர் ஒன்றை இழுத்துவிட்டு எர்த்தை பாடியிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். இங்கே விளக்குக்கும் சேனலுக்கும் நடுவில் ரப்பர். கூண்டுக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கும் நடுவில் மரக்கட்டை. போல்ட் வழியாக ஏதோ கொஞ்சம் மின்சாரம் போகும், துருப்பிடித்தால் அதுவும் போகாது. ஆகவே நெகட்டிவுக்கும் தனி வயர் இழுத்து, பேட்டரிக்கு அருகில் சேஸிஸைப் பெயின்ட் போகச் சுரண்டி முடுக்கினேன். வயர் தகட்டைக் கடக்கும் ஒவ்வொரு துளைக்கும் ரப்பர் புஷ் போட்டேன். இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு ஓடும் வண்டியில் வயரை அரம் போல அறுக்கும். இந்த வண்டி 24 வோல்ட். 21 வாட் பல்பு அதில் ஒரு ஆம்பியர்கூட எடுக்காது. பேட்டரிப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தேன்.

கடைசியாக, ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து என் மனைவியின் நகப்பூச்சால் ஒரு கோடு. நட்டு அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். அமிர்தி பக்கம் காட்டுச் சாலையில் வேண்டுமென்றே மேடு பள்ளம் பார்க்காமல் ஓட்டிவிட்டு வந்து பார்த்தேன். சேனலில் ஒரு கோடும் விலகவில்லை. கண்ணாடியைப் பிடிக்கும் வளையம் மட்டும் கிணுகிணுவென்று ஆடியது. பழைய சைக்கிள் ட்யூபை மெல்லிய வளையமாக வெட்டி அடியில் கொடுத்ததும் அடங்கியது.

மாற்று பல்புகள் இரண்டை மேசை இழுப்பறையில் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறேன். கிராமத்துக் கடையில் கேட்டால் 12 வோல்ட் பல்பைத்தான் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பார்கள். ஹோல்டரில் அதுவும் கச்சிதமாகவே உட்காரும். சுவிட்சைப் போட்ட நொடியில் போய்விடும்.