கதிரவெளியில் ஒரு சட்டி ஓடு

முதலாம் வருடத்து 'இலங்கைத் தொல்லியல் அறிமுகம்' பாடத்துக்கு இது எங்கள் முதல் வெளிக்களப் பயணம். வெள்ளெனவே புளியந்தீவில் வான் வந்து நின்றது. "புத்தகத்தில பழசுதான் முதல் அத்தியாயம். மண்ணை வெட்டினா புதுசுதான் முதல் வரும். நாங்க இண்டைக்கு மண் சொல்லுற ஒழுங்கில போவம்" என்றார் சேர்.

ஆகவே முதலில் மட்டக்களப்புக் கோட்டை. 1628 இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1638 இல் ஒல்லாந்தர் பிடித்தது, 1795 இல் ஆங்கிலேயருக்குப் போனது. பிறகு மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியும் நெடுங்காலம் இதற்குள்தான் இயங்கியது. சின்ன வயதில் அம்மாவோடு ஏதோ பத்திரம் எடுக்க வந்து, கால் கடுத்து இந்த மதிலில் சாய்ந்து நின்றிருக்கிறேன். அந்த மதில் யார் கட்டியது என்று கேட்க இத்தனை வருடம் எடுத்திருக்கிறது.

வாழைச்சேனை, பனிச்சங்கேணிப் பாலம், வாகரை. வெயில் ஏறிவிட்டது.

கதிரவெளி, பாடக்குறிப்பில் ஒற்றை வரியில் வரும் பெயர்: 'பெருங்கற்கால ஈமச்சின்னம், கற்பதுக்கை வகை.' பலகைக் கற்களை நாலு பக்கமும் செங்குத்தாக நட்டு, மேலே ஒரு கல்லால் மூடி, உள்ளே எலும்பையும் மட்பாண்டங்களையும் வைத்து அடக்கம் செய்யும் முறை அது. மேற்கே பொம்பரிப்பில் இதே பண்பாட்டு மக்கள் பெரிய தாழிகளுக்குள் எலும்பை வைத்தார்கள். இவ்வளவு கனமான கல்லைச் சுமந்து வந்து நட ஒரு குடும்பம் போதாது, ஊரே கூடியிருக்க வேண்டும். அந்த ஒற்றை வரியைப் படித்தபோது இது எனக்கு உறைக்கவில்லை.

பற்றைக்குள் நடக்கும்போது காலடியில் ஒரு ஓட்டுத் துண்டு. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால், காற்றுப் படாத உட்புறமும் வாயும் கறுக்கும், காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும். படித்தது கண்முன் கிடக்கவே ஆசையில் எடுத்துவிட்டேன்.

"எங்க கிடந்ததோ அங்கேயே வை" என்றார் சேர், குரலை உயர்த்தாமல். "உன்ர கையில இருந்தா அது வெறும் ஓடு. எந்த மட்டத்தில, எதுக்குப் பக்கத்தில கிடந்தது எண்டதுதான் சரித்திரம்." சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் நான் அதைத் திரும்ப வைத்தது சட்டத்துக்குப் பயந்தல்ல. கிடந்த பள்ளத்திலேயே, கிடந்த பக்கமாகவே வைத்தேன். கை நடுங்கியது.

பெருங்கற்கால மக்களைப் பற்றிச் சேர் வகுப்பில் அடிக்கடி சொல்வது ஒன்றுண்டு: ஈமக்காடு இருந்தால் கிட்ட ஊர் இருக்கும், ஊர் இருந்தால் வயலும் குளமும் இருக்கும். இந்த நாலையும் சேர்த்துத் தேட வேண்டும். செத்தவர்களின் இடம் தெரிகிறது. அவர்கள் சோறு தின்ற இடம் எங்கே?

திரும்பும் வழியில் தயிர் வாங்க நிறுத்தினோம். சட்டிகளை அடுக்கி வைத்திருந்த ஆச்சி, "அந்தக் காட்டுக்க என்ன மனே இருக்கு?" என்று கேட்டா. பழைய கல்லறையும் உடைஞ்ச சட்டி ஓடும் என்றேன்.

"சட்டி ஓடா? எங்கட வயல உழக்குள்ளயும் அள்ளு அள்ளா வரும். வரம்புக்குத்தான் போடுற."

சேர் பாதித் தயிரை அப்படியே வைத்துவிட்டுக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

"வயல் எந்தப் பக்கம் ஆச்சி? கிட்ட குளம் இருக்கா?"